மணி இன்னும் படுக்கவில்லை

அக்டோபர் 2, 2024

எங்கள் குதிரை மணி நேற்று இரவும் படுக்கவில்லை. அப்பா இருக்கும் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்தேன், நின்றுகொண்டிருந்தான். நாலு மணிக்கும் அப்படியே. இன்னொரு குதிரை லட்சுமி மணலில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விடுகிறாள்.

அக்டோபர் 4

மெரினா விமானக் காட்சியின் ஒத்திகைக்கு வந்த ஜெட் ஒன்று தாழப் பறந்தது. மணி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். லட்சுமி காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்துகொண்டாள். ஒரே கொட்டகை, ஒரே கொள்ளு, ஒரே சத்தம். அவள் பதினெட்டு வயதுக்காரி, கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவள். மணி கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஓடியவன். வேகமாகப் பாய வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ரத்தம். பக்கத்து லாயத்து அண்ணன் 'பயந்தாங்கொள்ளி' என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 6

விமானக் காட்சி. விடிவதற்குள் இரண்டு பேரையும் மந்தைவெளியில் சித்தப்பா வீட்டுக்கு ஓட்டிப்போய்விட்டேன். மெரினாவில் வெயிலில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றியே வார்டு முழுக்கப் பேச்சு. அப்பா கண் திறந்ததும் கேட்டது: "மணி?"

அக்டோபர் 9

தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. லட்சுமி 36. மணி 56. அப்பாவின் கட்டிலுக்கு மேலே திரையில் 104.

அக்டோபர் 10

என்னுடையதையும் எண்ணினேன். 96.

அக்டோபர் 15

மழை கொட்டுகிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம். கொட்டகை வாசலில் குடையை விரித்தேன். மணி மிரண்டு தட்டியில் மோதிக்கொண்டான். என் தப்புதான். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குத் தெரியாது, மற்றபடி சுற்றிலும் தெரியும். அந்தத் தெரியாத இடத்தில் போய் நின்றுகொண்டு விரித்திருக்கிறேன்.

அக்டோபர் 16

குடை தலையை விட்டுப் போகவில்லை. ராத்திரி படித்தேன். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்டது. ஒருவர் குதிரையைக் கயிறு பிடித்து நடத்துகிறார், வழியில் குடையோடு ஓர் ஆள். கடைசி நடையில், 'இந்தத் தடவை குடையை விரிக்கப் போகிறோம்' என்று நடத்துபவரிடம் மட்டும் சொல்கிறார்கள். விரிக்கவே இல்லை. ஆனாலும் அவர் இதயம் வேகமாக அடித்தது, குதிரையுடையதும் சேர்ந்து.

அப்படியென்றால் இந்த இரண்டு வாரமாக நான் எதைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுக்கொண்டிருக்கிறேன்? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து அவன் கயிற்றைப் பிடிக்கிறேன். அப்பா கையில் அதே கயிறு தொய்ந்து கிடக்கும். என் கையில் எப்போதும் விறைத்துக்கொண்டு. சரி, இதே கையால்தானே லட்சுமியையும் தொடுகிறேன், அவள் 36-இலேயே இருக்கிறாளே என்று எழுதத் தோன்றுகிறது. எழுதும்போதே அது தப்பிக்கிற பேச்சாகத் தெரிகிறது.

அக்டோபர் 18

அப்பாவுக்கு இன்றும் ஆஸ்பத்திரியில் தேதி சொல்லவில்லை.

அக்டோபர் 21

"காலி வயிறு அவனுக்கு ஆகாதும்மா. கொள்ளைக் குறை, புல் எந்நேரமும் கிடக்கட்டும்." மூக்கில் குழாயோடு இதைச் சொல்லி முடிக்க அப்பாவுக்கு ஐந்து நிமிடம் ஆனது. குதிரை வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும், மெல்ல ஒன்றும் இல்லையென்றால் புண்ணாகும். பந்தயத்தில் ஓடியவர்களுக்கு இது சகஜம். நான் காலையும் மாலையும் போட்டுவிட்டு வார்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வலியில் துள்ளியவனை நான் பயம் என்று நினைத்தேனோ?

அப்புறம், "லட்சுமியை அவன் கண்ணில் படுற மாதிரி கட்டு." நின்றபடியே கண்ணயர்வான், ஆழ்ந்து தூங்க மட்டும் படுத்தாக வேண்டும். காவலுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கை வந்தால்தான் படுப்பான்.

அக்டோபர் 24

மணி 48. அப்பா 92.

அக்டோபர் 27

மணியின் இடது விலாவில் மணல் ஒட்டியிருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை.

அக்டோபர் 28

தேதி சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கள்.

அக்டோபர் 31

தீபாவளி. காலை நாலரை. நொச்சிக்குப்பம் பக்கம் முதல் சரம் வெடித்துவிட்டது. லட்சுமி அவன் தோளோடு தோளாக நின்று மென்றுகொண்டிருக்கிறாள். ஒரு கையில் போன், ஒரு கையில் கயிறு, தொய்வாகத்தான் பிடித்திருக்கிறேன். அவன் காது என் பக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்த சரத்துக்குள் நாடியை எண்ணிவிடுகிறேன்.