ஒருவழியாக அனோமியாவில் ஓட்டை விழுந்தது

காற்றுமணிக்காக வாங்கிய அனோமியா என்ற சிப்பியில், விரிசல் விடாமல், செதில் பெயராமல், விளிம்பு சுத்தமாக ஓட்டை போட்டாகிவிட்டது. சோழியிலும் மட்டியிலும் காற்றுமணி கட்டுகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அனோமியாவை எடுத்துப் பாருங்கள், தெரியும். வெங்காயச் சருகு கனம்தான். விளக்குக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிறது. ஆனால் அந்த மஞ்சளும் ஆரஞ்சும், உரசும்போது வரும் கிணுகிணுப்பும் வேறு எதில் வரும்?

இத்தனைக்கும் இந்தச் சிப்பிக்குப் பிறவியிலேயே ஓட்டை உண்டு. அடி ஓட்டில், கீல் பக்கம். அதன் வழியாகக் காம்பை நீட்டித்தான் பாறையைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓடு பாறையோடேயே தங்கிவிடும், இல்லையென்றால் நொறுங்கிப்போகும். கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் ஓட்டையில்லாத மேல் ஓடுதான்.

சாதா ஸ்டீல் பிட்டைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். 1 மி.மீ. டைமண்ட் பர் (வைரத்தூள் பதித்த டிரில் முனை), பேட்டரி டிரில், இருப்பதிலேயே குறைந்த வேகம். தட்டில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு, அதன்மேல் ஓட்டின் குழியை நிரப்பும் அளவுக்கு ஈரக் களிமண், ஓடு முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். தண்ணீர் சூட்டைத் தணிக்கும், தூள் மூக்கில் ஏறாமலும் பார்த்துக்கொள்ளும். பர்ரைச் சாய்த்து வைத்துச் சின்னதாக ஒரு பள்ளம் பறித்த பிறகுதான் நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி ஓடும். அழுத்தவே கூடாது, டிரில்லின் கனமே போதும். பாதி ஆழத்தில் நிறுத்தி, சிப்பியைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து மீதி. வித்தையே இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது. ஒரே பக்கமாகத் துளைத்தால் முனை வெளியே வரும் இடத்தில் அடுக்கடுக்காகப் பெயர்ந்துவிடும்.

ராமேஸ்வரம் கடை ஒன்றிலிருந்து வந்த மூட்டையில் பாதி தூள். கொடைக்கானல் வரை வளைவு வளைவாக ஏறி வரும் சரக்கைச் செய்தித்தாளில் சுற்றியா அனுப்புவது? அடுத்த முறை உமி போட்டுக் கட்டச் சொல்ல வேண்டும்.

நிறம் பிரித்துத் தருவது பெரியப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பொருள்களின் பெயர் வருவதில்லை. பேச்சு சரளமாக வருகிறது, சொல்வதெல்லாம் புரிகிறது. பெயர்ச்சொல் வந்தால் மட்டும் தடுக்கி நிற்கிறார். பேச்சுப் பயிற்சி தருபவர் அதையும் அனோமியா என்றுதான் சொன்னார். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் சிப்பிக்கு வைத்த அதே பெயர். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை, பெரியப்பா நன்றாகவே சிரித்தார்.

"அது எங்கடா... கட்டுறது... ஊசியில கோர்ப்போமே..."

"நூ..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"நூலு!"

முதல் எழுத்து கிடைத்தால் பெரும்பாலும் மீதியைப் பிடித்துவிடுவார். முழுதாகச் சொல்லிவிட்டால் கோபம் வரும்.

நூல் என்றதும் ஞாபகம்: பருத்தி வேண்டாம். இங்கே மூடுபனியில் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். மீன்பிடி நரம்புதான் சரி, முடிச்சு நழுவாமல் ஒரு சொட்டு பசை. மேல்கட்டைக்குக் கொல்லைப் பேரி மரத்தில் வளைந்த கிளை ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். கோர்ப்பதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் பெரியப்பா வெள்ளி நிறத்தை மட்டும் தனியாக ஒதுக்கி, அதில் இன்னொரு மணி வேண்டும் என்கிறார். பர் வேறு மழுங்கிவிட்டது, இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.