ஐவிஎஃப்: சித்தி மகளிடம் போனில் சொன்னது

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் சித்தி மகள் போன் செய்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது அவளுக்கு. "அக்கா, டாக்டர் ஐவிஎஃப் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க. நீ போனியே, என்ன பண்ணுவாங்கன்னு கொஞ்சம் சொல்லுக்கா" என்றாள். ஐவிஎஃப் என்றால் முட்டையை வெளியே எடுத்து, லேபில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கிற சிகிச்சை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், மாமியார் பக்கத்து அறையில் இருந்திருப்பார் போல. ஒன்றரை மணி நேரம் பேசினோம். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பேர் தூக்கமில்லாமல் படுத்திருப்பார்கள் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால்தான் அவ்வளவு அழுதேன். எனக்கு அப்போது 33 வயது, முட்டைகளை வளரவைக்கும் பத்து நாள் ஊசிக்குப் பிறகு 11 முட்டை எடுத்தார்கள். பதினொரு குழந்தை கிடைத்த மாதிரி அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை லேபிலிருந்து போன்: முதிர்ந்த முட்டை 8, அதில் கரு உருவானது 6. ஐந்தாம் நாள் மறுபடி போன்: நன்றாக வளர்ந்தது 2. ஏதோ தவறாகிவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, பெரும்பாலும் இப்படித்தான் ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும், ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடிப்பது பாதிக்கும் குறைவாகவே இருக்கும் என்று லேபில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அதை ஊசி போடத் தொடங்கும் முன்பே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

ஊசி என்றால் பயப்பட வேண்டாம். மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்குவார்கள், தினமும் ஒரே நேரத்தில் தொப்புளுக்குப் பக்கத்தில், இன்சுலின் ஊசி போல மெல்லியது. என் கணவரே போட்டார். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. ஊரிலிருந்து திருச்சிக்குக் காலை பஸ் பிடித்துப் போய்வந்தேன், வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு வாரத்துக்கு லீவை இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு ஊசி உண்டு, முட்டையை முழுதாக முதிரவைப்பது. அதற்கு மட்டும் மணி தவறக் கூடாது. எனக்குத் திங்கட்கிழமை இரவு 10.30-க்குப் போட்டு, புதன்கிழமை காலை 10 மணிக்கு முட்டை எடுத்தார்கள். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், இருபது நிமிஷ வேலை, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வயிறு வேகமாக உப்பினாலோ, ஒரே நாளில் எடை ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ "சரியாகிவிடும்" என்று படுத்திருக்காதீர்கள், ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவதால் வருவது அது, சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு அதிகம்.

கருவை உள்ளே வைப்பது இருப்பதிலேயே சுலபம், மயக்கம்கூட வேண்டாம். எனக்கு இரண்டு கருவையும் உறையவைத்து, அடுத்த மாதம் ஒன்றை வைத்தார்கள். டாக்டர் சாதாரணமாக நடமாடச் சொன்னார். வீட்டில் விடவில்லை, பன்னிரண்டு நாள் கட்டிலிலேயே இருந்தேன், ஒரே ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ரிசல்ட் நெகட்டிவ். "அன்னைக்கு மாடி ஏறினியே" என்று மாமியார் சொன்னது அவரும் தாங்க முடியாமல் சொன்னதுதான், ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒரு வருஷம் என்னோடு இருந்தது. படுத்தே இருப்பதால் கரு ஒட்டும் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கரு நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் அந்தக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம், மாடிப்படி இல்லை. இதை வாசிக்கிற மாமியார்கள், அம்மாக்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

ஒரே தடவையில் பிறந்துவிடும் என்று நினைத்து நகையை அடகு வைக்காதீர்கள். பிரிட்டனில் இதற்கென்றே உள்ள அரசு அமைப்பு கணக்கு வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கே, வைக்கிற கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகப் பிறக்கிறது. 43 தாண்டி, சொந்த முட்டை என்றால் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர் போர்டுகளில் பெரிய பெரிய சதவீதம் போட்டிருந்தால், எந்த வயதுக்காரர்களுக்கு, பாசிட்டிவ் வந்த கணக்கா அல்லது பிள்ளை பிறந்த கணக்கா என்று கேளுங்கள்.

பணமும் அப்படித்தான். எங்களிடம் பேக்கேஜ் 1,40,000 என்றார்கள். ஊசி மருந்து, மயக்க மருந்து, உறையவைப்பது, இரண்டாம் தடவை வைப்பது எல்லாம் அதற்கு வெளியே என்பது பில் வரும்போதுதான் தெரிந்தது, முடிவில் இரண்டே முக்கால் லட்சம் ஆனது. எங்கள் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் வரவில்லை. எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது, சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் 2021-ல் வந்த சட்டப்படி பெண்ணுக்கு 21-லிருந்து 50 வயது வரை, ஆணுக்கு 21-லிருந்து 55 வரைதான் இந்தச் சிகிச்சை. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள் என்று விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நிறையக் காகிதம் நீட்டுவார்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது கரு வைக்கும் முன் அம்மா என்னைத் திருக்கருகாவூர் கோயிலுக்குக் கூட்டிப்போனார், நெய் வாங்கி 48 நாள் சாப்பிட்டேன். டாக்டரிடம் சொன்னபோது "சாப்பிடுங்கம்மா, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அந்த முறை கரு தங்கியது. பையனுக்கு இப்போது மூன்று வயது.

சித்தி மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் கேட்டேன், அவள் கணவருக்கு விந்துப் பரிசோதனை எப்போது எடுத்தது என்று. நாலு வருஷத்துக்கு முன்னாலாம். இந்த ஆறு வருஷத்தில் இவளுக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் டெஸ்ட் இரண்டு முறை, அவருக்கு அந்த ஒரு காகிதம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம்போல ஆகும், காய்ச்சல், சர்க்கரை, சிகரெட் எது வந்தாலும் மாறும், நாலு வருஷ ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் ஏதாவது குறை இருக்கிறது. "முதல்ல அதை எடுங்கடி, மூணு நாள் இடைவெளி விட்டு லேபுக்குப் போகச் சொல்லு, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்றேன். "அவர் கோவிச்சுக்குவாரேக்கா" என்றாள். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி நானே பேசினேன், அவர் அதிகம் பேசவில்லை, "சரிக்கா" என்று மட்டும் சொன்னார்.

நேற்று காலை அவளிடமிருந்து மெசேஜ்: "ரெண்டு பேரும் லேப் வாசல்ல இருக்கோம்."