கண்டாங்கிச் சாயத் தண்ணீரும் காந்தத் தூளும்

கண்டாங்கிச் சேலைக்கு நூல் தோய்த்த தொட்டியைத் திறந்துவிட்டால் சாயம் மட்டும் வருவதில்லை. ரியாக்டிவ் சாயமாக (நூலோடு வேதியியலாகப் பிணையும் வகை) இருந்தால் உப்பும் சோடா ஆஷும் சேர்ந்தே வரும், பி.எச். 10, 11 இருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் மெத்திலீன் புளூவைக் கரைத்துச் சோதித்துப் பாஸான, சாயத்தைப் பிடித்து நீக்கும் காந்த நானோ துகள் இங்கே முழிக்கும். மெத்திலீன் புளூ நேர்மின் சாயம், ரியாக்டிவ் சாயம் எதிர்மின் சாயம். துகளின் மேல்பூச்சு எது என்பதில்தான் விஷயம். காரைக்குடிப் பக்கம் இதை ப்ராஜெக்ட்டாக எடுக்கும் மாணவர்களுக்காகச் செய்முறையை எழுதுகிறேன்.

கொதிக்கவைத்து ஆறிய நீர் 100 மி.லி.யில் பெர்ரிக் குளோரைடு (6 நீர்) 5.4 கிராம், பெர்ரஸ் சல்பேட் (7 நீர்) 2.78 கிராம். மோல் கணக்கில் இது 2:1. பெர்ரஸ் படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு படிந்திருந்தால் விகிதம் ஏற்கெனவே கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள். நைட்ரஜன் ஓடவிட்டு, 80 டிகிரியில் 25 சதவீத அம்மோனியா 25 மி.லி. ஊற்றினால் உடனே கன்னங்கரேலென்று திரியும். ஆத்தங்குடிக் கல்லின் காவி நிறம் தட்டினால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அரை மணி கலக்கி, பீக்கரின் அடியில் காந்தம் வைத்து, பி.எச். 7 வரும்வரை கழுவ வேண்டும். கிடைப்பது மேக்னடைட் எனும் காந்த இரும்பு ஆக்சைடு, இரண்டு கிராம் சொச்சம்.

இதில் காந்தக் கலக்கியை மட்டும் போடாதீர்கள். உள்ளே சுழலும் குச்சியிலேயே சரக்கு முழுவதும் அப்பிக்கொள்ளும். மேலிருந்து கலக்கும் மோட்டார்தான் சரி. உலர்த்தவும் வேண்டாம், ஒருமுறை கட்டி தட்டினால் பிறகு பிரியாது, சேறாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேல்பூச்சு. முதலில் சிலிக்கா. ஒரு கிராம் துகளுக்கு எத்தனால் 160, நீர் 40, அம்மோனியா 3 மி.லி.; டெட்ரா எத்தில் ஆர்த்தோ சிலிக்கேட் 1 மி.லி. சொட்டுச் சொட்டாக, ஆறு மணி நேரம். காந்தம் வைத்த பிறகும் மேலே பால்போல் கலங்கல் நின்றால் அது இரும்பில்லாத தனிச் சிலிக்கா. அடுத்த முறை சிலிக்கேட்டைக் குறையுங்கள். பிறகு எத்தனாலில் அமினோ சிலேன் (அமீன் தொகுதி கொண்ட சிலிக்கான் சேர்மம்) 1 மி.லி., 60 டிகிரி, ஆறு மணி நேரம். எதிர்மின் சாயத்தைப் பிடிப்பது இந்த அமீன்தான்.

ஆனால் பி.எச். 10-க்கு மேல் அமீனுக்குப் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கிடையாது, சிலிக்காவும் மெல்லக் கரையும். அதனால் சாயத் தண்ணீரின் பி.எச்.சை முதலில் 4-க்கு இறக்குங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் துகள், ஒரு மணி நேரம். உப்பின் குளோரைடும் இடத்துக்குப் போட்டியிடும். டிஸ்டில்டு வாட்டர் கணக்கு இங்கே வராது. துகள் போடாத தண்ணீரையும் அதே பி.எச்.சில் வைத்து ஒப்பிடாவிட்டால், நிறமாற்றத்தையே நீக்கமென்று எண்ணி ஏமாறலாம்.

பிடித்த சாயத்தை நீர்த்த காரத்தில் பத்தே நிமிடம் கழுவி எடுங்கள். அதற்கு மேல் போனால் பூச்சு போய்விடும். எடுத்த செறிவுச் சாயத்தைச் சிதைக்க, பூச்சில்லாத மேக்னடைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பி.எச். 3-ல். பாதியில் துகளைக் காந்தத்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். நிறம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால், வேலை செய்வது துகளல்ல, அதிலிருந்து கரைந்த இரும்பு.