ஆறு, மூன்று, ஒன்று

இங்கிலாந்தில் என் வீட்டிலேயே அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர் நான். மதியம் 1 மணிக்கு ஒரு குழந்தை கிளம்பும், அதே 1 மணிக்கு இன்னொரு குழந்தை வரும். நோட்டில் எழுதியபோது கச்சிதமாகத்தான் இருந்தது. ஒரு நாள் கிளம்ப வேண்டிய குழந்தையின் அம்மாவிடமிருந்து மெசேஜ்: பஸ் நகரவே இல்லையாம். படித்து முடிப்பதற்குள் அழைப்புமணி. கதவைத் திறந்தால், மூன்று வயது மகளைக் கையில் பிடித்தபடி அடுத்த குழந்தையின் அப்பா. உள்ளே ஏற்கெனவே மூன்று பொடிசுகள். இவளையும் வாங்கிக்கொண்டால் நான்கு. விதிப்படி மூன்றுதான்.

"தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் கொஞ்சம் உள்ளே இருக்க முடியுமா?" என்றேன். அப்பா கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும்வரை அவள் அவருடைய பொறுப்பு, என் கணக்கில் சேரமாட்டாள். மனிதர் நல்லவர். கோட்டைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் ஒரு ஷூவைக் கழற்றினாள். இவர் மாட்டிவிட்டார். அவள் மறுபடி கழற்றினாள். இப்படியே இருபத்திரண்டு நிமிடம். வேலைக்குத் தாமதமாகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரியே நோட்டை எடுத்து எல்லா நேரத்தையும் மாற்றினேன். ஒருவர் போவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் நடுவில் அரை மணி நேர இடைவெளி. அந்த அரை மணிக்கு எனக்குக் காசு கிடையாது. பரவாயில்லை.

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டருக்கு விதி இதுதான். தனியாளாகப் பார்த்தால் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குக் கீழே அதிகபட்சம் 6 பேர். அந்த ஆறில் சின்னப் பிள்ளைகள் 3 பேர் வரை. அந்த மூன்றில் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை 1. இதில் 'சின்னப் பிள்ளை' என்பது ஐந்தாவது பிறந்தநாளோடு முடிந்துவிடாது, அதற்கு அடுத்து வரும் செப்டம்பர் 1 வரை நீளும். ஆகஸ்டில் ஐந்து முடிக்கும் குழந்தை சில நாளிலேயே பெரிய பிள்ளை ஆகிவிடும். அக்டோபரில் முடிக்கும் குழந்தைக்கு இன்னும் பத்து, பதினொரு மாதம் ஆகும். பள்ளிக்கு முன்னும் பின்னும் மட்டும் வரும் நாலு, ஐந்து வயதுக்காரர்களை அந்த மூன்று பேருக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு என்பது ஆறுதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 6, 3, 1 என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். கோட்டைவிடுவது 'ஒரே நேரத்தில்' என்ற இரண்டு சொல்லில். என்னிடம் பதிவில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், அது தப்பில்லை. புதன்கிழமை 3.30க்கு யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனால் என் நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம், கால் மணிக்கு ஒரு கட்டம். எல்லாம் பென்சிலில்.

சொந்தப் பிள்ளையும் கணக்கில் உண்டு, நம் வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டுவிட முடியாது. என் மகன் வருடக்கணக்காக ஆறில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டாவது பிறந்தநாளுக்கு அவன் கேக் வெட்டும்போது என் மனசில் ஓடியது, சரி, ஒரு இடம் காலி. வாய் சும்மா இருக்காமல் அவனிடமே சொல்லித் தொலைத்தேன். "அப்ப நான் இனிமே கணக்குல இல்லையா?" என்றான். விளையாட்டாகக் கேட்கவில்லை. அன்று முழுக்க அவனைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே எனக்கு வேலையாகிவிட்டது.

இப்போது வரும் போன்களில் முக்கால்வாசி கைக்குழந்தைக்குத்தான். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான அரசின் இலவசப் பிள்ளைப் பராமரிப்பு நேரத் திட்டம் 2024 செப்டம்பரில் ஒன்பது மாதக் குழந்தை வரை இறங்கி வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து அது வாரம் 30 மணி நேரம். ஒன்பது மாதத்திலேயே கேட்டு வருகிறார்கள், என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு இடம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கூடப்பிறந்த கைக்குழந்தைகள் என்றால், எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டியதை என்னால் செய்ய முடியும் என்று பெற்றோரிடமும், சைல்ட்மைண்டர்களைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரிடமும் காட்ட முடிந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரு அம்மா கேட்டார். எனக்கும் ஆசைதான். பதில் சொல்வதற்கு முன் இரண்டு பைகளில் துணியும் தண்ணீர் பாட்டிலும் அடைத்து, பைக்கு ஏழெட்டுக் கிலோ வருமாறு செய்து, தீ அலாரம் அடித்ததாக நினைத்துக்கொண்டு இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்றாக வைத்து நடந்து பார்த்தேன். வாசல்வரை வந்துவிட்டேன். பூட்டை எந்தக் கையால் திறப்பது? இரண்டு வயதுக்காரன் கையை யார் பிடிப்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நர்சரிகளில் இரண்டு வயதுப் பிள்ளைகள் ஊழியர் ஒருவருக்கு நான்கு பேர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்தாக்கினார்கள். அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் அங்கே ஒருவர் பாத்ரூம் போனால் இன்னொருவர் அறையில் இருப்பார். நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து பகலில் பாத்ரூம் கதவை முழுசாகச் சாத்தியதில்லை.

அப்புறம், சட்டம் ஆறு என்கிறதே தவிர என் ஆறு வேறு. பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது தள்ளுவண்டியில் கைக்குழந்தை, ஒரு பக்கம் இரண்டு வயதுக்காரன், மறுபக்கம் மூன்று வயதுக்காரி, முன்னால் பள்ளிப் பிள்ளைகள். நடைபாதையில் ஒரு நத்தையைப் பார்த்ததும் இரண்டு வயதுக்காரன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். அவனிடம் நான் குனிவதற்குள் முன்னால் போனவர்கள் ரோட்டோரத்துக்குப் போயிருப்பார்கள். அதனால் என் கணக்கில் அந்த நேரத்துக்கு ஐந்து பேர்தான். ஆறாவது இடம் வாரம் முழுக்கக் காலியாகவே கிடக்கும்.

போன வாரம் ஒரு அம்மா போன் செய்தார், பத்து மாதக் குழந்தைக்கு, அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து. என்னிடம் இருக்கும் கைக்குழந்தைக்கு 9ஆம் தேதிதான் ஒரு வயது நிரம்புகிறது. 9ஆம் தேதியிலிருந்து என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"எட்டு நாள்தானேங்க?"

"எட்டு நாள்தான்."

வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. 9ஆம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் லேசாகக் குறித்து வைத்திருக்கிறேன்.