அகஸ்தியம்பள்ளி உப்பளம்: சித்திரை மாத நாட்குறிப்பு

ஏப்ரல் 13

1930-இல் இதே நாளில்தான் ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, பிரிட்டிஷ் அரசின் உப்புச் சட்டத்தை மீறி உப்பெடுக்க, வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அது சித்திரை முதல் நாள், ஜாலியன்வாலா பாக் நினைவு நாளும்கூட. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நடை முடியும் சித்திரைப் பிற்பாதியில் வேதாரண்யத்தை ஒட்டிய இந்த அகஸ்தியம்பள்ளிச் சதுப்பில் உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். ஐப்பசியில் வந்திருந்தால் அள்ளுவதற்குச் சேறுதான் இருந்திருக்கும்.

ராஜாஜி உப்பள்ளிய ஏப்ரல் 30 நினைவு நிகழ்ச்சியில் அள்ளுவதற்கு ஒரு பாத்தி ஒதுக்கியாகிவிட்டது. பருவம் தொடங்கியபோது நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை. குதிகாலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் சோதனை. விழுந்தால் களிமண் கலந்து உப்பு சாம்பல் நிறமாகிவிடும்.

ஏப்ரல் 17

தேக்கப் பாத்தியில் இன்று 19 டிகிரி. இது வெப்பமல்ல, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு. கடல்நீர் உள்ளே வரும்போது மூன்று, மூன்றரை இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு 24-25 டிகிரிக்கு வந்த பிறகுதான் உப்புப் பாத்திக்குத் திறக்க வேண்டும். பத்துக் குடம் கடல்நீர் அப்போது ஏறக்குறைய ஒரு குடமாக வற்றியிருக்கும். 13 டிகிரி தாண்டியதிலிருந்தே ஜிப்சம் படியத் தொடங்கிவிடும். அவசரப்பட்டு 20 டிகிரியிலேயே திறந்துவிட்டால் மிச்ச ஜிப்சம் உப்போடு சேர்ந்து படிந்து, கரைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்கும்.

விழாவுக்கு உப்பு வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தாலே போதும். வெயிலும் காற்றும் அவற்றின் வேலையைச் செய்துவிடும்.

ஏப்ரல் 20

நடைப்பயணம் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வந்தது. சுமார் 150 மைல், பதினாறு நாள். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறைதான் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று போலீஸ் யாரைக் கேட்பது? தலைவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பொட்டலம் கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. விழாப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 23

நேற்று 25 டிகிரி தொட்டதும் பாத்திக்கு நீர் திறந்தாயிற்று. இன்று மதியம் குனிந்து பார்த்தால் நீரின் மேல் மிளகு அளவில் சின்னச் சின்னப் படிகங்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளே குடைவான நாற்சதுரக் கிண்ணம்போல, நுனி கீழே பார்த்தபடி. விளிம்பு வளர வளரக் கனம் கூடி, கொஞ்சம் காற்றடித்தாலே நீர் ஏறி மூழ்கிவிடுகின்றன. தரையில் கிடந்து பெருகும் உப்பு இவற்றிலிருந்துதான். சும்மா விட்டால் ஒரே பாளமாக இறுகிவிடும், அதனால் பலகையால் மெல்லக் கிளறிவிட வேண்டும். கிளறும்போது பலகை தரையைச் சுரண்டினால் மண் எழும்பும்.

ஏப்ரல் 25

விடியற்காலை தூறல். மேல்படிகம் கரைந்து, அளவு 22-க்கு இறங்கியது. மழைநீர் லேசானது, கொஞ்ச நேரம் உப்புநீரின் மேலேயே நிற்கும். காற்று கலக்கிவிடுவதற்குள் மேல்நீரை மட்டும் வரப்பில் வெட்டி வடித்ததால் தப்பியது, இரண்டு நாள் வெயிலில் சரியாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் சேற்றை வாரிக் கொண்டுவந்து உப்பளங்களில் கொட்டியபோது இப்படி எந்த வழியும் இருக்கவில்லை.

ஏப்ரல் 28

தொண்டர்கள் வேதாரண்யம் வந்து சேர்ந்த நாள். பயணத்தை இந்த ஊருக்கு அழைத்தவர் வேதாரத்தினம் பிள்ளை. பிறகு அவரும் சிறை சென்றார். அவர் 1946-இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது.

இன்று பாத்தியில் 28 டிகிரி. 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகள் சேரும். நாக்கில் கசக்கும், மூட்டையில் ஈரம் இழுத்துக் கசியும். நாளை மாலை மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 29

நீர் வடித்தாயிற்று, உப்பு விரலளவு கனத்தில் வெளுத்துக் கிடக்கிறது. கூட்டம் உள்ளே இறங்காமல் இருக்க வரப்போரம் கயிறு கட்டியிருக்கிறது. நூறு பேர் செருப்போடு இறங்கினால் மிதித்துக் கெட்டியாக்கிய தரை பாழ், அடுத்த முறை வாரும் உப்பு முழுக்க மண். ஐந்து ஐந்து பேராக, வெறுங்காலோடு, வரப்பில் நின்றே எட்டி அள்ளினால் போதும். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. தொழிலாளர்கள் பின்னிரவிலேயே உப்பை வாரத் தொடங்குவது வெயிலுக்காக மட்டுமல்ல, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். ஆகவே நிகழ்ச்சியையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஏப்ரல் 30

நினைவுத் தூணுக்கு மாலை போட்ட பிறகு, நாமக்கல் கவிஞர் இந்தப் பயணத்துக்கென எழுதித் தந்த நடைப்பாட்டைப் பாடிக்கொண்டே பாத்திக்கு வந்தார்கள். 1930-இல் இதே நாளில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார், ஆறு மாதச் சிறை. அவருக்குப் பின் கே. சந்தானம் போராட்டத்தை நடத்தினார். ருக்மிணி லட்சுமிபதியும் இங்கே உப்பெடுத்துச் சிறை சென்றார். அன்று சுமார் 37 கிலோ உப்புக்கு வரி 1 ரூபாய் 4 அணா. ஏழை வீட்டுச் சட்டியிலும் விழுந்த வரி அது.

முதல் பிடியை அள்ளியவர் உப்பளத்தில் வாரும் ஒரு மூத்த தாய். அடுத்த ஆண்டும் அப்படியே வைக்க வேண்டும்.

மே 1

வரப்போரம் மட்டும் கால்தடங்கள். ஈரம் காய்வதற்குள் மிதித்துச் சமன் செய்து, மிச்ச உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டாயிற்று. தேக்கப் பாத்தியில் 23 டிகிரி, நாளை மறுநாள் திறக்கலாம்.