மாப்பிள்ளை சம்பா முதல் காட்டுயானம் வரை: வடித்துப் பார்த்த அரிசிகள்

பொன்னியில் சோறாக்கிப் பழகியவருக்கு எல்லா அரிசியிலும் சோறாக்க வரும் என்று சொல்லிவிட முடியாது. கடையில் வாங்கும் புழுங்கல் பொன்னி ஏற்கெனவே அவித்துக் காயவைத்து நன்றாகத் தீட்டினது. ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர், நாலு விசில், முடிந்தது வேலை. தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி இத்தனை வருஷமாக நம் தட்டை விட்டு நகராததற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வருஷம் பாரம்பரிய அரிசிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை நம்பித்தான் ஆரம்பித்தேன். ஒரே பெயர் போட்ட அரிசி ஒரு தடவை உதிர்ந்து நின்றது, அடுத்த பாக்கெட் குழைந்தது. அரிசிக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்: "இது இந்தத் தை நெல்லு தம்பி, தண்ணியக் குறைச்சு வைங்க. உதிரியா வேணும்னா அந்த மூட்டையில அள்ளிக்குங்க, அது போன வருஷத்து சரக்கு." புது அரிசி குறைந்த தண்ணீரிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி தண்ணீரை நிறைய இழுத்து, ஊதி, தனித்தனியாக நிற்கும். ஆகவே இப்போது விலை கேட்பதற்கு முன்னால் அறுவடை எப்போது என்று கேட்கிறேன். அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

அதிக நேரம் பிடித்தது மாப்பிள்ளை சம்பா. சிவப்பு அரிசி, தவிடு போகாதது. தவிட்டுத் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது என்று படித்திருந்தேன். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரே அரிசியில் ஒரு பங்கை ஊறவைத்தும் ஒரு பங்கை ஊறவைக்காமலும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் உலை வைத்தேன். ஊறாத அரிசி முக்கால் மணி நேரம் கொதித்த பிறகும், இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் மேலே மாவாகி, நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று நின்றது. பல்லில் அது மணலாகத்தான் படும். இரவே ஊறப்போட்ட அரிசியில் அந்தப் புள்ளி இல்லை. வேகும்போது சிவப்புத் தோல் நீளவாக்கில் வெடித்து, உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப்பார்த்தது. அதுதான் பதம். இந்த அரிசிக்கு ஒரு சோறு மட்டும் பதம் பார்த்தால் போதாது. தீட்டல் சீராக இல்லாததால் ஒரு பருக்கை வெந்திருக்கும், அடுத்தது முறைக்கும். கரண்டியில் நாலைந்து எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும்.

குக்கரிலும் வைத்தேன். ஊறின அரிசி ஒன்றுக்கு மூன்றரைத் தண்ணீர், ஆறு விசில், அப்புறம் சிறு தீயில் பத்து நிமிஷம். வேகிறது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் வடிப்பதே மேல். வடிக்கும்போது தண்ணீர் அளவு என்ற கவலையே கிடையாது; பழசோ புதுசோ, பதம் வந்ததும் இறக்கிச் சாய்த்துவிடலாம். பானையின் வாயில் வடிதட்டை வைத்து, துணியால் இரண்டு பக்கமும் பிடித்துச் சாய்த்துவிட்டு, கடைசியில் ஒரு தடவை லேசாகக் குலுக்கி நிமிர்த்த வேண்டும். இந்தக் குலுக்கல் இல்லாவிட்டால் அடியில் கஞ்சி தங்கி, கீழ்ச்சோறு குழைந்துபோகும். வடித்த கஞ்சியில் சத்தும் கொஞ்சம் போகும் என்பது உண்மைதான். அதற்கென்ன, உப்பும் மோரும் விட்டு அதைக் குடித்துவிடுகிறோம். மாப்பிள்ளை சம்பாக் கஞ்சி இளஞ்சிவப்பாக, பாயசத்துக்குப் பக்கத்தில் வரும் கெட்டியில் இருக்கும்.

தூயமல்லியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரை மணி ஊறல், வடித்தால் வெள்ளை வெளேரென்று மெல்லிய சோறு, ரசத்துக்கு ஏற்றது. வீட்டில் யாரும் அரிசி மாறியதையே கவனிக்கவில்லை. பொன்னியிலிருந்து மாற நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். கிச்சிலி சம்பாவும் அப்படித்தான்.

சீரக சம்பா வேறு ரகம். திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக்கு இதைத்தான் போடுகிறார்கள். சீரகம் போல் பொடியாக இருப்பதால் ஊறல் இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் கிளறும்போதே உடைகிறது. தண்ணீர் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் வைத்தேன், தேங்காய்ப்பால் ஊற்றினால் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரியும்போது மூடி, தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்துப் பதினைந்து நிமிஷம் தம். அதன்பிறகு திறக்காமல் இன்னொரு பத்து நிமிஷம் விட வேண்டும். சூட்டோடு கரண்டி போட்டால் இவ்வளவு பாடும் வீண்.

கருப்புக் கவுனிதான் விளையாட்டுக் காட்டியது. இரவு முழுக்க ஊறினால் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். நாவல் பழத்துக்கு நிறம் கொடுக்கும் ஆந்தோசயனின் இதன் தவிட்டிலும் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே சிவக்கும். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலத்துப் பக்கம் போகும். பிள்ளைகள் எலுமிச்சையைக் காலி செய்துவிட்டார்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்ட மனம் வராது, கொட்டவும் வேண்டாம். அரிசியை நன்றாகக் களைந்த பிறகு ஊறப்போட்டு, அதே தண்ணீரிலேயே ஒன்றுக்கு மூன்றாகக் குக்கரில் வைக்கிறேன். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிஷம். இது ஒட்டும் அரிசி, உதிரியாக வரவில்லையே என்று இதனிடம் சண்டை போடக் கூடாது. செட்டிநாட்டில் செய்கிற மாதிரி சூட்டோடு மசித்து, சர்க்கரை, தேங்காய்த்துருவல், நெய், ஏலக்காய் சேர்த்தால் இனிப்புக்கு வேறு எதுவும் தேடத் தேவையில்லை. சர்க்கரையை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், முன்னால் போட்டால் அரிசி வேகாமல் விறைக்கும். சாம்பாருக்கு இந்த அரிசி வேண்டாம் என்பது என் தீர்ப்பு. உடம்புக்கு நல்லது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள், நாக்கும் உடம்பில்தானே இருக்கிறது.

இந்தப் பெயர்களெல்லாம் மறுபடி கடைக்கு வந்ததற்குப் பின்னால் 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கிப் பரப்பினார். காட்டுயானத்தை அந்த வரிசையில்தான் முதலில் கேள்விப்பட்டேன். யானை நுழைந்தாலும் தெரியாத உயரம் வளரும் நெல், ஆறு மாதப் பயிர். சோறாக முழுசாக வடித்ததில் மெல்லும் வேலைதான் அதிகம். மிக்ஸியில் இரண்டு சுற்று ஓட்டி நொய்யாக்கி, பூண்டும் வெந்தயமும் சின்ன வெங்காயமும் போட்டுக் கஞ்சி வைத்தால் பிரமாதம். நொய்யை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்துக்கொண்டால் கஞ்சி வழவழப்பாகாது.

கல் அரிப்பதை மறக்க வேண்டாம். சின்ன மில்லில் அரைத்த அரிசியில் கல் இருக்கத்தான் செய்யும், இரண்டு பாத்திரம் மாற்றி மாற்றி அரித்தால் அடியில் தங்கிவிடும். இன்னொன்று, தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இவை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படாத அளவாக வாங்கி, வசம்பு ஒரு துண்டு போட்டு வைக்கிறேன்.

மாப்பிள்ளை சம்பா மிஞ்சினால் இரவே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். காலையில் பருக்கை முழுசாக நிற்கும், கையால் பிசைந்தால்தான் உடையும், தண்ணீரில் லேசான புளிப்பு ஏறியிருக்கும். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் போதும். பொன்னியில் பழையது வைத்தால் இந்தப் பருக்கை கிடைக்காது, விடிவதற்குள் பாதி கரைந்திருக்கும்.