முதுகுக் கதிரைத் தொட்டுப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்

மீன் வகைப்பாட்டுப் பாடத்தை இரண்டாம் தடவை எழுதிய ரிப்பீட் பரீட்சையின் பெறுபேறு போன வியாழன் வந்தது. சி. ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதற்கு மேல் போடமாட்டார்கள், தெரியும்தானே. அம்மாவுக்கு அது போதும், அன்றைக்கே பத்திரகாளி அம்மன் கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்தா. எனக்குத்தான் முதல் தடவை கைவிட்டுப் போன அந்த ஒரு போத்தல் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

செய்முறைப் பரீட்சையின் ஐந்தாம் நிலையம். மீனைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் வெளிறிப்போன சின்னக் கெண்டை, உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. பட்டையைக் கண்டதும் "பெத்தியா நைக்ரோஃபேசியாட்டா, தென்மேற்கு ஈரவலயம்" என்று எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை சும்மா நின்றேன். அது டோக்கின்ஸியா என்ற வேறொரு கெண்டைச் சாதியின் (genus) குஞ்சு. வளர வளரப் பட்டை மறைந்து, வாலடியில் ஒரு கரும்பொட்டு மிஞ்சும். கந்தளாய் வாய்க்காலில் மாமாவோடு தூண்டில் போட்டு நான் எத்தனையோ தரம் பிடித்த அதே கெண்டை! பெயர் பிழைத்ததால் பரம்பல் கேள்வியும் போனது.

ஆகவே நிறத்தை விடுங்கள். போமலினில் சிவப்பு நிற்காது, பட்டை ஏமாற்றும். முதுகுச் செட்டையைத் தாங்கும் முள் போன்ற கதிர்களில் கிளைக்காத கடைசிக் கதிரைத் தேடி, அதன் பின்விளிம்பில் ஊசி நுனியை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். வாள் பல் போலப் பல் இருந்தால் தடுக்கும். கைவில்லையில் தெரியாதது ஊசியில் தெரியும். ரிப்பீட்டுக்கு முந்தின இரண்டு கிழமையும் நான் வேறெதையும் இவ்வளவு பழகவில்லை.

- பெத்தியா: பல் உண்டு. நம் நாட்டு இனங்களுக்கு மீசை இல்லை.
- சிஸ்டோமஸ்: பல் உண்டு, மீசை இரண்டு சோடி.
- டோக்கின்ஸியா: பல் இல்லை, வாலடிப் பொட்டு.
- புன்டியஸ்: பல் இல்லை. மீசையை வைத்து முடிவெடுக்காதீர்கள், புன்டியஸ் விட்டாட்டஸுக்கு மீசையே கிடையாது.

பழைய கையேடுகளில் இவையெல்லாம் புன்டியஸ் என்றே இருக்கும். 2012 இல் இலங்கை மீன் ஆய்வாளர் ரொஹான் பெத்தியாகொடவும் கூட்டாளிகளும் அந்தப் பெரிய சாதியைப் பிரித்தார்கள். சிறு கெண்டைக்குச் சிங்களத்தில் உள்ள பெயர்தான் பெத்தியா. டோக்கின்ஸியா, உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸின் பெயரால் வந்தது. இந்திய இனங்கள் சிலவற்றுக்கு அப்போது திராவிடியா என்று வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈ வகைக்கு இருந்ததால் 2013 இல் ஹலுடாரியா ஆனது. எனக்குக் கிடைத்த குறிப்பில் திராவிடியா என்றே இருந்தது, உங்களுடையதையும் பாருங்கள்.

பரம்பலை அட்டவணையாக என்னால் பாடமாக்க முடியவில்லை. இலங்கைப் படத்தைக் கையால் வரைந்து, ஆறுகளைப் போட்டு, மீன்களை அதில் எழுதினேன். டிட்டேயா என்ற கெண்டையும் பெத்தியா நைக்ரோஃபேசியாட்டாவும் தென்மேற்கில். பெத்தியா பந்துலா கேகாலைப் பக்கம் கலாப்பிட்டமடையில் ஒரு சின்ன இடத்துக்குள். உலர்வலயத்தில் பெத்தியா மெலனோமாக்குலாட்டா. நக்கிள்ஸ் மலைப் பக்கம் டோக்கின்ஸியா ஸ்ரீலங்கென்சிஸும் சிஸ்டோமஸ் மார்ட்டென்ஸ்டைனியும். அவை இருப்பது மகாவலி வடிநிலத்தில். மகாவலி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது என்றாலும் அந்த மீன்களைத் திருகோணமலைக்கு எழுதிவிடாதீர்கள், அவை மேலே ஓடைகளில் வாழ்பவை.

திருகோணமலைக்காரருக்கு மறக்கவே முடியாத பெயர் ஒன்று உண்டு: புன்டியஸ் தெர்மாலிஸ். 1844 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன் அதை விவரித்தபோது கொடுத்த மாதிரியிடம், அதாவது முதல் மாதிரி மீன் கிடைத்த இடம், கன்னியா வெந்நீரூற்று. அந்தச் சூட்டைச் சொல்வதுதான் தெர்மாலிஸ். சின்ன வயதில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்த எனக்கு இதைப் படிப்பு முடியும் தறுவாயில்தான் தெரிந்தது. வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை, அந்தக் கவலை எனக்கு உண்டு.

குடும்பம் கேட்டால் கவனம். 2018 இலிருந்து ரஸ்போரா, டெவாரியோ என்ற சிறு மீன் சாதிகள் இரண்டையும் டானியோனிடே என்று தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். கெண்டைகள் சிப்ரினிடேயிலேயே இருக்கின்றன. உங்கள் விரிவுரையாளர் எதை ஏற்கிறார் என்பதைப் பரீட்சைக்கு முன்னரே நேரில் கேட்டுவிடுங்கள். ஊசியையும் மறக்காமல் கொண்டு போங்கள், எங்கள் ஆய்வுகூடத்தில் தந்தது மழுங்கியிருந்தது.